அணிந்திருப்பவர் வேறு நபர்

இடது மார்பில், காம்புக்கு இரண்டு விரல் கீழே, அரிக்கிறது. சொறியக் கூடாது. சொறிந்தால் ஒட்டு நகரும், நகர்ந்தால் அப்பாவின் நெஞ்சில் ஏதோ ஆகிவிட்டதென்று எதிரே மூடியிருக்கிற அந்தக் கதவுக்குப் பின்னாலுள்ள கணினிக்குச் செய்தி போகும், அங்கிருந்து அப்பாவின் போனுக்கு அழைப்பு வரும், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அப்பா போனை எடுத்து, "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நல்லாத்தான் இருப்பது நான். என் நெஞ்சு நல்லாயிருக்கிறது, இருபத்து மூன்று வயது நெஞ்சு, துறையூர் உரக்கடையில் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்கினாலும் நாலு நிமிடத்தில் அடங்கிவிடுகிற நெஞ்சு. அதற்கு மேலே ஒட்டியிருக்கிறது அப்பாவின் மெஷின். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தீப்பெட்டியைத் தட்டையாக அமுக்கியதுபோல் ஒரு ஒட்டு, அதோடு மணிக்கட்டில் கட்டுகிற ஒரு வாச்சு, மணி காட்டாத வாச்சு. இந்த வெயிலில் நான் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த வாச்சுக்காகத்தான். இந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லார் கையிலும் அது இருக்கிறது. பெரியவர்கள், சுருங்கிய கைகள், கறுத்த கைகள், எல்லாவற்றிலும் ஒரே சாம்பல் நிறப் பட்டை. அப்பாவின் கையில் மட்டும் இல்லை. அப்பா அந்த வெறுங்கையை மடிமேல் மல்லாத்தி வைத்திருக்கிறார், ஏதோ வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி. எங்களுக்கு முன்னால் இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்கள். அதற்குள் ஒரு வாக்கியத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். மேடம், இந்த மெஷினில் நாற்பத்தொரு நாளாக வருகிற துடிப்பு எங்கப்பாவுடையது இல்லை.

இதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமா என்றால், கஷ்டம்தான். மெஷின் கொடுத்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்குச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. அந்தப் பையன், பையன் என்ன, என் வயசுதான் இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தவன், அழகாகத்தான் விளக்கினான். "ஐயா, நெஞ்சுல ஒட்டுறதும் கையில கட்டுறதும் ஒரே ஒடம்புல இருக்கான்னு அதுங்களே பேசி முடிவு பண்ணிக்கும். உங்க துடிப்பு எப்பிடி விழுவுதோ அதான் பூட்டு, அதான் சாவி. கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேற. பாஸ்வேர்டு கிடையாது, ஓடிபி கிடையாது. நடுவுல எவனும் பூந்து உங்க ரிப்போர்ட்டைத் திருட முடியாது, மாத்த முடியாது." அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதிவு செய்வதற்கு ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். சிவப்பு. மறுபடி உட்கார்ந்தார். சிவப்பு. பையனுக்குப் போன் வந்தது, "ஒரு நிமிஷம்" என்று வெளியே போனான். அப்பா என்னைப் பார்த்து, "நீ வைடா தம்பி" என்றார். நான் வைத்தேன். யோசித்து வைத்தேனா என்று நாற்பத்தொரு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசிக்கவில்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது, பத்தாம் வகுப்பிலிருந்து ரேஷன் கடையில் நான்தானே வைக்கிறேன். அப்பா கொத்தனார். சிமெண்டும் சுண்ணாம்பும் அவர் விரலில் இருந்த கோடுகளையெல்லாம் எப்போதோ தின்றுவிட்டன. கடையில் அவர் கட்டைவிரலை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் மெஷின் கீச்சென்று கத்தும். எடை போடுகிறவர், "மருதண்ணே, உன் வெரலு டைல்ஸ் மாதிரி வழவழன்னு கெடக்கு, தம்பிய வைக்கச் சொல்லு" என்பார். அட்டையில் பேர் இருக்கிற யார் விரல் வைத்தாலும் எங்கள் வீட்டு அரிசி வந்துவிடும். அவர் விரல் எடுக்காத இடத்தில் என் விரல். அவர் துடிப்பு எடுக்காத இடத்தில் என் துடிப்பு. ஒட்டை என் நெஞ்சில் ஒட்டி, வாச்சை என் கையில் கட்டி, ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை. நான் சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகுதான் பையன் உள்ளே வந்தான். "வந்துருச்சா? அவ்வளவுதான். ஐயாவுக்கு மொதல்ல கொஞ்சம் டென்ஷன்." அப்போதுதான் வாயைத் திறந்தேன். என் குரல் எப்போதும் போல் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டது. கடை முதலாளி சொல்வார், "உன் பேச்சைக் கேக்கணும்னா காதைக் கழட்டி உன் வாய்க்குள்ள வைக்கணும்டா". பையன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு மாட்டியபோது வாச்சின் சின்னத் திரையில் சிவப்பாக எழுத்து ஓடியது. சுத்தமான தமிழ். அணிந்திருப்பவர் வேறு நபர். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "வேறு நபராம்ல. தாலி கட்டுனதுலேருந்து நானும் இதைத்தான் சொல்றேன், ஒருத்தரும் நம்பல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அரிக்கிற இடத்துக்கு உள்ளே, இன்னும் உள்ளே, கை எட்டாத இடத்தில் என்னவோ செய்கிறது. மூன்றாம் நாள் இங்கிருந்து போன் வந்தது. ரீடிங் வரவில்லை, ஐந்து நாள் வராவிட்டால் திட்டத்திலிருந்து பேர் நீங்கிவிடும், மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திட்டத்தில் பேர் இருந்தால்தான் மாத்திரை வீட்டுக்கு வரும், பெரிய டாக்டர் ரீடிங்கைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார், இல்லையென்றால் வாரா வாரம் அப்பா பஸ்ஸில் இடிபட்டுத் திருச்சிக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிற மாதிரியா அவர் இருந்தார். அம்மாதான் சொன்னாள், "நீ மாட்டிக்கடா ரெண்டு நாளைக்கு. அடுத்த வாரம் போயி மாத்திக்கலாம்." அப்பா சொன்னார், "எம் ரத்தம்தானே இவனுக்கு ஓடுது, அதுக்குத் தெரியாதா?" மாட்டிக்கொண்டேன். உடனே பச்சை. வணக்கம், மருதை. மணிமாறன் என்று நான் ஒருத்தன் இருப்பதே அதற்குத் தெரியாது. அடுத்த வாரம் கடையில் உர லோடு வந்தது, லீவு கேட்க வாய் வரவில்லை. அதற்கடுத்த வாரம் எங்கள் தெருவில் ஒரு துக்கம். அப்புறம் நாட்கள் தாமாகவே போயின. நான் அப்பாவின் நெஞ்சைச் சுமந்துகொண்டு நடக்கப் பழகிவிட்டேன். மாடிப்படியில் மெதுவாக ஏறினேன். மூட்டை தூக்குவதற்கு முன்னால் வாச்சைக் கழற்றி வைப்பேன், கழற்றி வைத்தால் அரைமணிக்குள் திரும்ப மாட்ட வேண்டும், அந்த அரைமணிக்குள் இருபது மூட்டை. முதலாளி, "என்னடா, கல்யாணத்துக்குப் போற மாதிரி அவசரம்" என்பார். ஒருநாள் ஏழே முக்கால் பஸ்ஸில் பாலிடெக்னிக் போகிற ஒரு பெண் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பேர் தெரியாது. அவள் செய்ததெல்லாம் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டதுதான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குப் போன் வந்துவிட்டது. "ஐயா, துடிப்பு நூத்தி இருபத்தெட்டு காட்டுதே, படி ஏதும் ஏறினீங்களா?" சாயங்காலம் அப்பா என்னிடம், "காலைல ஏழே முக்காலுக்கு நான் எங்கடா ஓடுனேன்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். எட்டு மணி பஸ்ஸில் கிழவர்களோடு போனேன். சந்தோஷம்கூட அளவாகத்தான். அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது.

தாத்தா சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு அரக்கன் தன் உயிரை எடுத்து ஏழு கடலுக்கு அப்பால் ஒரு மரத்துப் பொந்தில் இருக்கிற கிளியின் கழுத்துக்குள் ஒளித்து வைத்திருப்பான். அவனை வெட்டினால் சாக மாட்டான், கிளியின் கழுத்தைத் திருகினால்தான் சாவான். சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கடலையும் அரக்கனையும் பார்ப்பேன். கிளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தன் தொண்டைக்குள் வேறொருவனின் உயிர் இருப்பது தெரிந்து ஒரு கொய்யாப்பழத்தை அது எப்படி விழுங்கியிருக்கும். பயந்து பயந்து விழுங்கியிருக்கும். கூவியே இருக்காது. ஆனால் கதையில் அரக்கனின் நெஞ்சுக்கு ஏதும் ஆவதில்லை, கிளி நல்லாயிருந்தால் அவனும் நல்லாயிருந்தான், அது கதை. இங்கே கிளி நல்லாயிருக்க நல்லாயிருக்க அப்பாவுக்கு மோசமாகிக்கொண்டு வந்தது. இருபத்தி நாலாம் நாள் அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மருதை அவர்களே, உங்கள் இதயத் துடிப்பு மூன்று வாரங்களாகச் சீராக உள்ளது, மருத்துவர் உங்கள் மாத்திரைகளைக் குறைத்துள்ளார். நீர் பிரிகிற மாத்திரை நிறுத்தம். இன்னொன்று பாதி. அப்பா அதை டீக்கடையில் எல்லோரிடமும் காட்டினார். "ஒண்ணை நிப்பாட்டிட்டாங்க, ஒண்ணைப் பாதி ஆக்கிட்டாங்க. அடுத்த மாசம் சாரம் ஏறிடுவேன்." நான் என்ன செய்தேன். வாசற்படியில் உட்கார்ந்து அந்தச் செய்தியை ஏழெட்டு முறை படித்தேன். எழுந்து இரண்டாவது மாத்திரையை முழுசாகக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னதுக்கு மேல நாம எப்புடிடா குடுக்குறது" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது, டாக்டர் சொன்னது எனக்கு, அம்மா, அப்பாவுக்கு இல்லை. சொன்னேன். என்ன சத்தத்தில் சொன்னேனோ. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளில் அப்பாவின் செருப்பு வார் காலுக்குப் போதவில்லை. இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். முந்தாநாள் கால் அமுக்கிவிடச் சொன்னார். அமுக்கினேன். முழங்காலுக்குக் கீழே என் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது, ஈர மண்ணில் அமுக்கின மாதிரி. குழி மேலே வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வருவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

இப்போது அப்பாவுக்கு அந்தப் பக்கத்தில் பெரம்பலூர்க்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், ரிட்டையர்டு கண்டக்டர், வந்ததிலிருந்து பேச்சு நிற்கவில்லை. "இந்த வாச்சு இருக்கே, என் சம்சாரத்தைவிட மோசம். ஒரு பீடி பத்தவச்சா அடுத்த நிமிஷம் போன் வந்துருது. டிக்கெட் எடுக்காம எவனாவது பஸ்ல உக்காந்தா நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன்." அப்பா சிரிக்கிறார், சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்குகிறது, வாயைத் திறந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு மீதியைச் சிரிக்கிறார். கண்டக்டர் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டார். "உங்க வாச்சு எங்கண்ணே?" நான் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். அப்பா சாதாரணமாக, "மவன் வச்சிருக்கான்" என்கிறார். கண்டக்டர் என் சட்டைக்கையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், என்ன புரிந்ததோ, "ரிப்பேரா?" என்கிறார். நான் தலையாட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆளிடமே சொல்ல முடியவில்லை, உள்ளே எப்படிச் சொல்லப்போகிறேன். சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் மாத்திரை இன்னும் குறையும், அப்பா இன்னும் வீங்குவார், வீக்கம் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று போனில் தேடிப் படித்தேன், படித்துக்கொண்டிருக்கும்போது வாச்சு அதிர்ந்தது, துடிப்பு அதிகம், ஓய்வெடுக்கவும். சொன்னால். சொன்னால் திட்டத்திலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். போலீஸ் வருமா. நடுவில் எவனும் புகுந்து மாற்ற முடியாது என்றானே அந்தப் பையன், நடுவில் புகுந்தது நான்தானே. மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. இல்லை, இப்படி ஆரம்பித்தால் யார் பண்ணின தப்பு என்று கேட்பார்கள். மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா. இது சீட்டு நடத்தி ஓடிப்போனவன் பேசுகிற மாதிரி இருக்கிறது. மேடம், எங்கப்பாவுக்கு மாத்திரை பத்தல. இதுதான் சரி. இதை மட்டும் சொன்னால் போதும். ஆனால் இதை மட்டும் சொன்னால் அவர்கள் திரையைப் பார்ப்பார்கள், திரையில் நான் இருப்பேன், திடமாக, எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு, எழுபத்திரண்டு. அரிப்பு நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து ஒரு நர்ஸ், "மருதை" என்கிறாள். நான் எழுந்தேன். அப்பா எழுவதற்கு என்னைவிட நேரம் ஆனது. இரண்டு மருதைகளும் உள்ளே போனோம்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேடத்தின் அட்டையில் ஜெசிந்தா என்று இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நல்ல முகம், அதுதான் இன்னும் கஷ்டமாகப் போயிற்று. "வாங்க மருதை ஐயா. இந்த மாசம் எல்லாத்துலயும் உங்க ரிப்போர்ட்டுதான் ஃபர்ஸ்ட். ஒருநாள்கூட விடாம மாட்டியிருக்கீங்க." அப்பா கூச்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டார். "கையை நீட்டுங்க, வாச்சைப் பாத்துருவோம்." அப்பா நீட்டினார், வெறுங்கை. நான் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றினேன், மேல் பொத்தான்களையும் கழற்றினேன், வாக்கியம் வரவில்லை, அதற்குப் பதிலாக நெஞ்சைத்தான் காட்ட முடிந்தது. ஜெசிந்தா மேடம் சிரிப்பை எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது, முகத்தில் அது அப்படியே இருக்க, கண் மட்டும் மாறிற்று. "என்ன இது?" சொன்னேன். "என்ன? சத்தமாச் சொல்லுங்க." மறுபடி சொன்னேன். "கேக்கல தம்பி." ஒரு தப்பை ஒருமுறை ஒத்துக்கொள்வதற்குத்தான் நாற்பத்தொரு நாளாக மூச்சைச் சேர்த்து வைத்திருந்தேன், மூன்றுமுறைக்கு இல்லை. மூன்றாம் முறை அடுத்த மேஜைக்காரரும் திரும்பினார். "எல்லாம் என்னோட துடிப்பு மேடம். அப்பாவோடது ஒண்ணுகூட இல்ல." அவர் பேனாவை வைத்தார். "உங்களுக்கு இது ரேஷன் கடையா?" அப்பா வெள்ளந்தியாக, "அங்க இப்புடித்தாங்க பண்ணுவோம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் பளிங்கு மாதிரி டைல்ஸ், அப்பாவின் விரல் மாதிரி வழவழப்பு. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேஜையைச் சுற்றி வந்து குனிந்து, அப்பாவின் வேட்டியை லேசாக விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிவிட்டு எடுத்தார். குழியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "மாத்திரை என்னைக்குக் குறைச்சது?" என்றார். "பதினேழு நாள் ஆச்சு மேடம்." அவர் மேஜைக்குத் திரும்பிக் கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

முதலில் பழைய பதிவை நீக்க வேண்டுமாம். நீக்குவதற்குப் பதிவு செய்தவரே உறுதி தர வேண்டுமாம். "நீங்கதான் உக்காரணும்." உட்கார்ந்தேன். திரையில் பச்சை. வணக்கம், மருதை. உங்கள் பதிவை நீக்க விரும்புகிறீர்களா? அப்பாவின் பேருக்கு அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருக்க நான் ஆமாம் என்று தொட்டேன். நாற்பத்தொரு நாளின் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே போய் மறைந்தன, மூட்டை தூக்காத அரைமணிகள், எட்டு மணி பஸ்ஸின் கிழவர்கள், ஜன்னலைச் சாத்தட்டுமா. ஒட்டை உரித்தபோது தோலில் ஒரு சதுரம் சிவந்து கிடந்தது. மேடம் அதைத் துடைத்து, புதுப் பசை வைத்து, அப்பாவின் நெஞ்சில் ஒட்டினார். அப்பாவின் நெஞ்சு முடி வெளுத்து, எலும்புகளுக்கு நடுவே தாழ்ந்து, அதற்குள் ஏதோ அவசரமாகத் திரும்பித் திரும்பிப் படுப்பதுபோல் வெளியே தெரிந்தது. "அஞ்சு நிமிஷம் அசையாதீங்க ஐயா. பேசாதீங்க." அப்பா சுவர் பூசும்போது மட்டக்கோலைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையோடு உட்கார்ந்தார். சிவப்பு. "பரவால்ல, இன்னொருவாட்டி." சிவப்பு. "மூச்சை அடக்காதீங்க ஐயா, சாதாரணமா விடுங்க." "அடக்கலம்மா. அதுவாத்தான் நிக்குது." சிவப்பு. மேடம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரையில் எதையோ படித்தார். நான் கேட்காமலே சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "துடிப்பு ஒரே மாதிரி விழுந்தாத்தான் இது ஆளைப் பிடிக்கும். இவருக்கு ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்லாம விழுவுது." "அப்படி விழுவுறதாலதானே மேடம் இங்க வந்தோம்." இதை நான்தான் சொன்னேன், ஒரே முறைதான், அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். "உனக்குப் புரியுது. எனக்கும் புரியுது. இதுக்குப் புரிய வைக்கணும்ல" என்று கணினியின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். பேர் தெரியாதவருக்கு ரீடிங் ஏறாது. ரீடிங் இல்லாமல் மாத்திரையை மாற்ற மேடத்துக்கு அதிகாரம் இல்லை. பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், மூன்று மணிக்கு மேல்தான் வெளியே வருவார். மேடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கையாலேயே எழுதினார், கால் வீக்கம், மூச்சிரைப்பு, இதுவரை வந்த ரீடிங் நோயாளியுடையது அல்ல. அல்ல என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். "இதை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புறேன். பெட்டும் கேட்டுருக்கேன், காலியானா கூப்பிடுவாங்க. ஒட்டு அப்படியே நெஞ்சுல இருக்கட்டும், அதுவா முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும், எப்பவாவது பிடிச்சாலும் பிடிக்கும். மூச்சு முட்டுனா வெயிட் பண்ணாதீங்க, கதவைத் தட்டுங்க. சத்தமாத் தட்டணும், புரியுதா?"

மறுபடியும் தாழ்வாரம். அதே நாற்காலிகள் கிடைக்கவில்லை, ஜன்னலோரம் இரண்டு கிடைத்தன. கண்டக்டர் போய்விட்டார். அப்பாவின் கையில் இப்போது வாச்சு இருக்கிறது, அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், புதுசு கட்டின மாதிரி. திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே எழுத்து. அடையாளம் காணப்படுகிறது, காத்திருக்கவும். அடையாளம் காணப்படுகிறது. மணி ஒன்று ஐந்து. மூன்று மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இப்போது இந்த உலகத்தில் எந்தத் திரையிலும் அப்பா இல்லை. என் நெஞ்சு லேசாக இருக்கிறது, ஓடலாம், படி ஏறலாம், யாருக்கும் போன் வராது. அந்த லேசு எனக்கு வேண்டாமாக இருக்கிறது. வேண்டுமானால் அப்பாவையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், என் துடிப்பை அப்படியே வெட்டி, எழுபத்திரண்டு எழுபத்து நான்காக, அவர் எலும்புகளுக்கு நடுவே வைத்து ஒட்ட முடியுமானால். ஒரு பொய்யான ரீடிங்காகத்தான் அதை அவருக்குக் கொடுக்க முடிந்தது, உண்மையாகக் கொடுப்பதற்கு வழியில்லை. அப்பா கேட்கிறார், "இது இப்ப என்னைப் பாத்துக்கிட்டு இருக்குல்ல தம்பி?" "பாத்துக்கிட்டு இருக்குப்பா." "பேரு வந்துருச்சா?" "வரும்பா." அவர் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். உதட்டில் நிறம் குறைவாக இருக்கிறதா, ஜன்னல் வெளிச்சமா. கதவைத் தட்டுகிற அளவுக்கு மூச்சு முட்டுகிறதா, இல்லை, காலையில் இருந்த மாதிரிதான், காலையில் எப்படி இருந்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வாச்சை மேலே தள்ளிவிட்டு, கட்டைவிரலின் அடியில், தோல் மெலிந்து நரம்பு நீலமாக ஓடுகிற இடத்தில் இரண்டு விரலை வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, சினிமாவில் செய்வார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இரண்டு சேர்ந்து வந்தது, கதவை இடித்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைகிற மாதிரி. பிறகு ஒன்று, ரொம்பச் சின்னது. பிறகு மூன்று. எண்ண ஆரம்பித்து இருபதுக்குள் விட்டுவிட்டேன், திரும்ப ஆரம்பித்தேன், எதை ஒன்று என்று வைப்பது என்றே தெரியவில்லை. "என்னடா, ஓடுதா?" அப்பா கண்ணை மூடியபடியே கேட்கிறார். "ஓடுதுப்பா." "எவ்வளவு?" ஒன்று வந்தது. அடுத்து இரண்டு வேகமாக வந்தன. பிறகு இல்லை. விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ தண்ணீர் கேனைத் தரையில் வைக்கிறார்கள். ரொம்ப அழுத்திவிட்டேனோ என்று லேசாக எடுத்தேன். அப்பாவின் முகம் அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்குப் பதில் வரும் என்று காத்திருக்கிற முகம். அடுத்தது இன்னும் வரவில்லை. வரும்.